செல்லூரில் வார்த்த பட்டா

மில் நின்ற அன்று நான் அதன் தொட்டிக்குள் மல்லாந்து படுத்திருந்தேன். எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, உருளைக்கு அடியில் தலையை நுழைத்து, அரிக்கேன் விளக்கை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு பார்த்தேன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, இனி ஓட்ட முடியாது என்று. ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். வெளியே வந்தால் அக்காவிடம் சொல்ல வேண்டும்.

எங்களுடையது செங்கல் அரைக்கும் மில்; நான் அதில் பிட்டர். உடைந்த செங்கல்லைத் தூளாக்குவோம். அந்தத் தூளைச் சுர்க்கி என்பார்கள். அதைச் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்தால் வரும் சாந்து தண்ணீருக்கு அடியிலும் இறுகும். கிணறு, மடை, கலுங்கு என்று தண்ணீரோடு மல்லுக்கு நிற்கும் கட்டடம் எதுவானாலும் அந்தக் காலத்தில் மதுரைக்கு மேற்கே எங்கள் மில்லுக்குத்தான் வண்டி வரும்.

மில் என்றால் பெரிய கட்டடம் இல்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஆயில் எஞ்சின், நடுவில் வட்டமான இரும்புத் தொட்டி. தொட்டிக்குள் என் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு இரும்பு உருளைகள், வண்டிச் சக்கரம் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றபடி சுற்றிச் சுற்றி ஓடும். செங்கல்லை உள்ளே கொட்டினால் உருளை ஏறி நசுக்கும். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்டிருப்பதுபோல உருளைக்கும் வெளியே கனமான பட்டா உண்டு. தொட்டியின் தரையில் தகடுகள் பதித்திருக்கும். அவற்றுக்கு லைனர் என்று பெயர். பட்டாவுக்கும் லைனருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு செங்கல் தூளாகும். ஆனால் செங்கல் சும்மா சாவதில்லை. அதுவும் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டேதான் போகும். மில்லில் மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். தேய்வது இந்தப் பட்டாவும் லைனரும்தான். இவற்றை மாற்றிக்கொண்டே இருந்தால் மில்லுக்கு வயதே கிடையாது.

மாற்றுவதற்குத்தான் எங்களிடம் ஒன்றும் இல்லை. யுத்தம் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சீமையிலிருந்து வரும் உருப்படிகள் நின்றுபோயின. சென்னையில் இருந்த ஏஜெண்டு கையை விரித்துவிட்டார். இருந்த லைனரைத் திருப்பிப் போட்டும், இடம் மாற்றிப் போட்டும், நான் இரண்டு வருஷம் இழுத்திருந்தேன்.

நான் வெளியே வந்தபோது அக்கா கொட்டகை வாசலில் நின்றிருந்தார். அக்கா என்று எல்லாரும் கூப்பிட்டோமே தவிர அவர் யாருக்கும் அக்கா இல்லை, மில்லின் சொந்தக்காரி. அவர் வீட்டுக்காரர் எங்கோ ஒரு அணை வேலை முடிந்தபோது ஏலத்தில் எடுத்து வந்த மில் அது. அவர் காய்ச்சலில் போனதும், விற்றுவிட்டு வீட்டோடு இரு என்று உறவுக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அக்கா விற்கவில்லை. விடியும்போது வருவார், எஞ்சின் நின்றபிறகுதான் போவார்.

“எம்புட்டுத் தேஞ்சிருக்கு?” என்றார்.

“பட்டா ஓரத்துல ஆறு நூல் போயிருச்சுக்கா. நடுவுல மூணு நூல். ஒரு லைனரு குறுக்க விண்டுபோச்சு.” ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் எங்கள் பிட்டர் பாஷையில் ஒரு நூல். “இதுக்கு மேல ஓட்டுனா பட்டா தெறிக்கும். ஆளு நிக்கிற எடத்துல விழும்.”

“அப்ப ஓட்ட வேணாம்” என்றார். அவ்வளவுதான். ஏன், எப்படி, இன்னும் கொஞ்ச நாள் ஓடாதா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. வேறு முதலாளிகளிடம் வேலை பார்த்தவனாகையால் அந்த ஒரு வார்த்தையின் மதிப்பு எனக்குத் தெரியும்.

ஆனால் மில்லை நிறுத்திவைக்க முடியாத சமயம் அது. கீழக்குயில்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் கண்மாயின் மடை போன மழையில் இடிந்து போயிருந்தது. கோடையில் தண்ணீர் வற்றியதும் பழைய கட்டடத்தைப் பிரித்துவிட்டார்கள். ஐப்பசி மழைக்குள் புது மடை நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வருகிற தண்ணீர் அப்படியே ஓடிவிடும், அந்த வருஷம் நெல் கிடையாது. சிமெண்டு முழுவதும் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சுர்க்கிச் சாந்தை நம்பித்தான் ஊரே இருந்தது. மாடு இழுக்கும் கல் உருளையில் சாந்து குழைக்கலாம். செங்கல்லை மாவாக்க முடியாது. பெண்கள் உலக்கையால் இடித்துப் பார்த்தார்கள். ஒரு பகல் இடித்தது ஒரு வரிசைக் கல்லுக்குக்கூடப் போதவில்லை.

“நம்ம ஊர்ல இதை யாரும் வார்க்க மாட்டாகளா?” என்று அக்கா கேட்டார்.

செல்லூரில் வார்ப்புப் பட்டறைகள் இருந்தன. தறிக்கு வேண்டிய சாமான், கிணற்று உருளை, அடுப்பு வார்ப்பார்கள். மறுநாள் நான் வைகையைத் தாண்டிப் போய், சந்து சந்தாக விசாரித்தேன். இரண்டு பட்டறையில் அளவைச் சொன்னதுமே சிரித்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதில் என் வயதுள்ள ஒருவர் குந்தியபடி மண் சலித்துக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டார். சல்லடையைக் கீழே வைத்தார்.

“இம்புட்டுப் பெருசு நான் வார்த்ததில்லண்ணே. பொய் சொல்லக் கூடாதுல்ல. மில்லை ஒருக்கா பாத்துட்டுச் சொல்றேன்.”

அன்றைக்கே என்னோடு வந்தார். தொட்டிக்குள் இறங்கி, பட்டாவைச் சுற்றிலும் உள்ளங்கையால் தடவினார். குதிரையைத் தட்டிப் பார்ப்பதுபோல இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பிறகு அக்காவிடம் போய், “வார்க்கிறேன். நல்லா வருமான்னு இப்பச் சொல்லத் தெரியல” என்றார். அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. என்னிடம் பிறகு சொன்னார்: “நல்லா வரும்னு சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன் தம்பி.”

முதல் பட்டா ஆடியில் வந்தது. பார்க்க அழகாக இருந்தது. வழவழவென்று, ஒரு ஓட்டை இல்லாமல். உருளைமேல் ஏற்றி, இடைவெளியில் தேக்கு ஆப்புகளை அடித்து, ஆப்பில் தண்ணீர் ஊற்றினேன். மரம் ஊதி இறுகிக்கொண்டது. எஞ்சினைக் கிளப்பினோம். ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மூன்றாம் நாளே தூளில் ஏதோ கறுப்பாக மினுங்கியது. கையில் அள்ளிப் பார்த்தால் இரும்புப் பொடி. ஒரு வாரத்துக்குள் பட்டா, துணி துவைத்த சவுக்காரக் கட்டிபோல ஓரமெல்லாம் மழுங்கிவிட்டது.

வார்ப்புக்காரர் வந்து பார்த்தார். அவர் முகத்தை நான் மறக்கவில்லை. வருத்தப்பட்டார், ஆனால் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. கரி சரியில்லை, இரும்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். “நான் வார்த்தது மெத்துனு இருக்கு. சீமைக்காரன் வார்த்தது ஏன் அப்படி இல்ல? அதப் பாத்துருவோம்” என்றார்.

இரண்டிலும் ஒவ்வொரு துண்டு கேட்டார். பெரிய சம்மட்டியால் நானே உடைத்துக் கொடுத்தேன். வெயிலில் வைத்துப் பார்த்தோம். அவர் வார்த்தது உடைந்த இடத்தில் முழுக்கச் சாம்பல் நிறம். சீமைப் பட்டாவில் உள்பக்கம் சாம்பல். செங்கல்லைத் தொடும் வெளிப்பக்கம் மட்டும் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை, சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல மினுமினுப்பு. ஒரே வார்ப்பில் இரண்டு இரும்பு. நான் எத்தனையோ வருஷமாக அந்தப் பட்டாவைத் தொட்டுக்கொண்டிருந்தவன். உடைத்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

அவர் என்னைச் செல்லூருக்குக் கூட்டிப்போனார். உலை வாயருகே தரையில் ஒரு கனத்த இரும்புத் தகடு கிடந்தது. உருகிய இரும்பு அதன்மேல் சிந்தி உறைந்து, அப்பளம்போல ஒட்டியிருந்தது. ஒன்றைப் பெயர்த்து என் கையில் கொடுத்தார். “அரம் போடுங்கண்ணே.” போட்டேன். அரம் கீச்சென்று வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு கீறல் விழவில்லை. பக்கத்தில் மண்ணில் சிந்தி உறைந்திருந்த சொட்டு ஒன்றைக் கொடுத்தார். அதே உலை, அதே இரும்பு. அரம் மாவுபோல ராவியது.

“மண்ணுல விழுந்தா மெதுவா ஆறுது; மெத்துனு ஆகுது. இரும்பு மேல விழுந்தா சட்டுனு குளுந்து இறுகிப்போகுது. இது நம்மளுக்கு வேலைக்கு ஆகாதுன்னு இத்தன நாளு பேத்து எறிஞ்சுக்கிட்டு இருந்தேன். பட்டாவுக்கு வேண்டியது இதாண்ணே.”

ஆக, மண் அச்சின் வெளிச்சுற்றை மட்டும் குளிர்ந்த இரும்பால் கட்ட வேண்டும். உருகியது அதன்மேல் மோதி உறைந்தால் வெளிப்பக்கம் வெள்ளை இரும்பு. உள்ளே மண், அங்கே மெதுவாக ஆறிச் சாம்பல் இரும்பு. யோசனை சரி. ஆனால் அவ்வளவு பெரிய வட்டத்துக்கு, கனமாக, ஒரே அளவில் இரும்புக்கு எங்கே போவது? யுத்த காலத்தில் பழைய இரும்பு ஆணிகூடக் கிடைக்காது.

அக்காவிடம் வந்து சொன்னோம். அவர் கொட்டகைக்கு வெளியே கையைக் காட்டினார். எங்கள் செங்கல் காளவாசலிலிருந்து மில்வரை சின்னத் தண்டவாளம் ஒன்று கிடந்தது. மில்லோடு சேர்ந்து ஏலத்தில் வந்ததுதான் அதுவும். அதன்மேல் டிராலியில் வைத்துச் செங்கல்லைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பக்கத்தில் எந்த மில்லிலும் அந்த வசதி இல்லை; அக்காவின் வீட்டுக்காரர் தன் கையாலேயே நீர்மட்டம் பார்த்துப் பதித்தது.

“அதப் பிடுங்குங்க.”

“அக்கா, அதை எடுத்துட்டா எல்லாத்தையும் வண்டியில ஏத்தி எறக்கணும்” என்றேன்.

“வண்டியில ஏத்துவோம். மில்லு நின்னுச்சுன்னா டிராலி எதுக்கு? அதுல என்னத்தத் தள்ளப்போற?”

நாங்கள் கடப்பாரையோடு இறங்கியபோது அக்கா கொட்டகைக்குள் போய்விட்டார். கடைசி நீளத்தைப் பெயர்க்கும்வரை வெளியே வரவில்லை. வந்தபோது எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தார்.

தண்டவாளத்தை ஒரு முழத் துண்டுகளாக அறுத்தோம். அதன் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைப் பக்கம் உள்ளே பார்க்கும்படி துண்டுகளை நெருக்கமாக நிறுத்தி, வெளியே மண்ணைத் தட்டிக் கிட்டித்து, பட்டாவுக்கு வட்டம் கட்டினார் வார்ப்புக்காரர். அவர் உலை ஒரே மூச்சில் அவ்வளவு இரும்பு உருக்காது. முதல் தடவைபோலவே பக்கத்துப் பட்டறைக்காரரிடம் கேட்டு அவர் உலையையும் சேர்த்து மூட்டினார்கள். ஊற்றுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் செல்லூரில் ஒரு பாட்டம் மழை. பட்டறைக் கூரை ஒழுகவில்லை. ஆகையால் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

உருகிய இரும்பு நிறைந்த பாத்திரத்தை நீளக் காம்புகளில் தூக்கிக்கொண்டு, முன்னால் வார்ப்புக்காரர், பின்னால் நானும் இன்னொரு ஆளும். ஊற்றத் தொடங்கியதும் அச்சுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. அடுத்த கணம் வெடித்தது. உருகிய இரும்பு மேலே எழும்பிப் மத்தாப்புப்போலத் தெறித்தது. அவருடைய இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பட்டது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். அவர் காம்பை விட்டிருந்தால் பாத்திரம் சாய்ந்து எங்கள் இருவர் காலிலும் கொட்டியிருக்கும். அவர் விடவில்லை. “எறக்கு, மெதுவா எறக்கு” என்று சொன்னார். பாத்திரம் தரையில் உட்காரும்வரை பிடித்திருந்தார். அதற்குப் பிறகுதான் கீழே உட்கார்ந்தார். இன்றைக்கு என் இரண்டு காலில் நான் நடக்கிறேன் என்றால் அது அந்தக் கை விடாமல் பிடித்ததால்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் மனைவி பக்கத்தில் இருந்தாள். அவள் கட்டட வேலைக்குப் போகிறவள். மொட்டைமாடித் தளம் தட்டும் பெண்களில் ஒருத்தி. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்ட தளத்தை வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள் அல்லவா, அந்த வேலை. அக்கா தினமும் சாப்பாடு எடுத்துக்கொண்டு மாட்டு வண்டியில் போனார். ஒருநாள் நானும் கூடப் போனேன்.

“மில்லு கெடக்கட்டும் தம்பி” என்றார் அக்கா வார்ப்புக்காரரிடம். “அதுக்காக ஒரு கை போனது போதும். ஊர்க்காரகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

வார்ப்புக்காரர் கட்டுப் போட்ட தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தண்டவாளம் வேர்த்திருந்துருக்குக்கா. மழைக்குளுருல இரும்பு மேல ஈரம் கோத்திருக்கு. சூடு பட்டதும் அது ஆவியாகித் தூக்கிருச்சு. முன்னாடியே காய்ச்சிக் கைபொறுக்கிற சூட்டுல வச்சிருக்கணும். விளக்குப் புகையும் பிடிக்கணும், அப்பத்தான் ஒட்டாது. ஏன் வெடிச்சுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பெறகு எப்படி விடுறது?”

“மண்ணு யாரு கிட்டிக்கிறது? ஒத்தக் கையால ஆகுமா?” என்று நான் கேட்டேன். அச்சில் மண் கிட்டிப்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இறுக்கிக் கிட்டித்தால் காற்றுப் போக வழியில்லாமல் வார்ப்பில் ஓட்டை விழும். தளர விட்டால் இரும்பின் பாரத்தில் மண் பிதுங்கும். எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். அவர் பட்டறையில் வேறு தேர்ந்த ஆள் இல்லை.

அவர் பதில் சொல்வதற்குள் அவள் சொன்னாள்: “நான் தட்டுறேன்.”

அவர் திரும்பிப் பார்த்தார். “ஒலைப் பக்கம் வந்ததில்லையே புள்ள.”

“ஒலைய நீ பாரு. மண்ணுதான? எங்க அழுத்தணும், எங்க விடணும்னு சொல்லு.”

ஆவணியில் மறுபடி வேலை தொடங்கியது. அவர் கையைத் தூளிபோலக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஒரு பலகையில் உட்கார்ந்திருப்பார். அவள் புடவையை ஏறக்கட்டிக்கொண்டு அச்சுக்குள் இறங்கி நிற்பாள். இருவரும் அதிகம் பேசியதாக நினைவில்லை. அவர் விரலால் காட்டுவார், அவள் தட்டுவாள், அவர் குனிந்து கட்டை விரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டுவார். ஒரு நாள் பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து, பொம்பளை உலைப்பக்கம் வருவது ஆகாது என்று இழுத்தார். கெட்ட மனுஷர் இல்லை. உலையைக் கடன் கொடுத்தவர்.

அவள் தட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்: “நான் தட்டுன மாடி ஒன்னு ஒழுகுதுன்னு காட்டுங்கண்ணே. எந்திரிச்சுப் போயிடுறேன்.”

அவர் சிரித்துவிட்டார். ஊற்றுகிற அன்று தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்து காம்பைப் பிடித்தார்.

அன்று தண்டவாளத் துண்டுகளைக் கரி நெருப்பில் காய்ச்சி, ஒவ்வொன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெய்ப் புகை பிடித்து, சூடு ஆறுவதற்குள் வட்டம் கட்டினோம். மண்ணெண்ணெய் அளவாகத்தான் கிடைக்கும். அக்கா தன் வீட்டு விளக்குக்கு வைத்திருந்ததைக் கொண்டுவந்திருந்தார். ஊற்றும்போது நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். முனகல் இல்லை. இரும்பு சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கிப் போய், மறுபக்கத் துளையில் செக்கச்செவேலென்று எட்டிப் பார்த்தது. வார்ப்புக்காரர் வலது கையைத் தூக்கி “போதும்” என்றார். அவ்வளவு நேரம் அவர் உட்காரவே இல்லை.

உடனே திறந்து பார்க்கலாம் என்றுதான் எனக்கு. அவர் விடவில்லை. வெள்ளை இரும்பு கண்ணாடிபோல. சூட்டோடு எடுத்தால் விரிசல் விட்டுவிடும், மண்ணுக்குள்ளேயே கிடந்து தானாக ஆற வேண்டும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டால், “தொட்டா மண்ணு குளுந்திருக்கணும்” என்பதுதான் பதில்.

அந்த நாட்கள்தான் அக்காவுக்குச் சோதனை. கண்மாய் ஊர்ப் பெரியவர் தினமும் மில்லுக்கு வந்தார். வானத்தைக் காட்டினார். கொத்தனார்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். வார்த்தாகிவிட்டது என்று தெரிந்ததும் அவர் குரல் உயர்ந்தது.

“வார்த்தாச்சுன்னு சொல்றீக, எடுக்க மாட்டேங்கிறீக. மழை வந்துட்டா எங்க பொழப்பு என்னாகுறது?”

“மழை வராம நான் பிடிச்சு வைக்க முடியாது. அவசரப்பட்டு எடுத்து அது ரெண்டாப் போச்சுன்னா, இன்னொன்னு வார்க்க நாளும் இல்ல, கரியும் இல்ல. வார்த்தவரு ஆறட்டும்னு சொல்லியிருக்காரு. ஆறட்டும்” என்றார் அக்கா.

“அவரு சொன்னா சரியா இருக்குமா?”

“கையைக் குடுத்துக் கத்துக்கிட்டவரு சொல்றாரு. சரியாத்தான் இருக்கும்.”

மறுநாள் பெரியவர் சண்டைக்கு வரவில்லை. ஒரு கூடை வெள்ளரிப் பிஞ்சு கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்து, அதைச் செல்லூருக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

மண் குளிர்ந்த அன்று திறந்தோம். பட்டா முழுசாக இருந்தது. தண்டவாளத் துண்டுகள் சேர்ந்த இடங்களில் லேசாகப் பட்டை தட்டியிருந்தது; சீமைப் பட்டாவின் வழவழப்பு இல்லை. நான் அரத்தை எடுத்தேன். வெளிப்பக்கத்தில் போட்டேன். கீச்சென்று வழுக்கியது. இன்னொரு இடத்தில் போட்டேன். அங்கேயும் வழுக்கியது. சுற்றி வந்து ஒரு சாண் விடாமல் போட்டேன். அந்தக் கீச்சுச் சத்தம் கேட்கக் கேட்க வார்ப்புக்காரர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. “உள்பக்கமும் போட்டுப் பாருங்க” என்றார். போட்டேன். மாவாக ராவியது. அப்போதுதான் அவர் பலகையில் உட்கார்ந்தார்.

இரண்டாவது பட்டாவும் லைனர்களும் அதே முறையில் வந்தன. லைனர் தட்டையானது என்பதால் தண்டவாளத்தைக் கீழே பரப்பி வார்த்தார்கள், அது சுலபம். புரட்டாசி முழுக்க மில் ஓடியது. முதல் சில நாள், பட்டை தட்டிய இடங்கள் லைனர்மேல் ஏறி இறங்கும்போது லொடக் லொடக் என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு அது தேய்ந்து சமமாகிச் சத்தம் அடங்கிவிட்டது. நான் வாரத்துக்கு ஒருமுறை தொட்டிக்குள் படுத்து அளவு பார்த்தேன். தூளைக் கையில் அள்ளினால் சுத்தச் செம்மண் நிறம். கறுப்பு மினுக்கம் கிடையாது. டிராலி இல்லாமல் செங்கல்லை வண்டியில் ஏற்றி இறக்கிய ஆட்கள் முணுமுணுத்தார்கள். அக்கா இரண்டு நாள் தானே கூடை எடுத்து நின்றார். முணுமுணுப்பு நின்றது.

மழை ஐப்பசி நடுவில் பிடித்தது. அதற்கு முன்பே மடை எழும்பி, காரை பூசி, ஈரச்சாக்குப் போட்டு இறுகியிருந்தது. கண்மாய் நிறைந்த பிறகு அக்கா வண்டி கட்டி, செல்லூரிலிருந்து வார்ப்புக்காரரையும் அவர் மனைவியையும் அழைத்துவந்தார். நானும் போனேன். கரைமேல் ஊரே நின்றது. பெரியவர் மாலையை அக்காவுக்குப் போட வந்தார். அக்கா வாங்கி, பக்கத்தில் நின்ற அவள் கையில் கொடுத்துவிட்டார். கரையில் நின்றவர்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஊரில் எங்களைப் போன்ற கூலிக்காரக் குடும்பத்துப் பெண் கையில் மாலை போனதில்லை. பெரியவர் அவர்கள் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு, “போட்டுக்க தாயி, உன் கை பட்ட வேலைதான” என்றார். அவள் மாலையைப் போட்டுக்கொள்ளவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு கையிலேயே வைத்திருந்தாள். அவள் புருஷன் மாலையைப் பார்க்கவே இல்லை. மடையின் சுவர் தண்ணீரைத் தொடும் இடத்தில் குனிந்து, கசிவு இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தார்.

யுத்தம் முடிந்த சில காலத்துக்கெல்லாம், அக்கா முன்பே சொல்லிவைத்திருந்த சீமைப் பட்டாக்கள் மரப்பெட்டியில் வந்து இறங்கின. எண்ணெய்க் காகிதம் சுற்றி, பளபளவென்று. உருளை இரண்டுக்கும் மாட்டிவிடலாம் என்று நான் தயாரானேன். அக்கா வேறொன்று சொன்னார். ஒரு உருளைக்குச் சீமைப் பட்டா, இன்னொன்றுக்குச் செல்லூரில் புதிதாக வார்த்தது. இரண்டும் ஒரே தொட்டியில், ஒரே செங்கல்லில் ஓடட்டும். எது எப்படித் தேய்கிறது என்று பார்ப்போம் என்றார். வார்ப்புக்காரருக்குச் சொல்லி அனுப்பினோம். அவருக்கு அதைவிடப் பெரிய விருந்து வேறு இல்லை.

ஒரு பருவம் முழுக்க இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றின. பருவம் முடிந்து எஞ்சினை நிறுத்தியதும் அவர் வந்தார். தழும்பேறிய அந்த இடது கையை ஊன்றித் தொட்டிக்குள் இறங்கினார். நான் அளவுக் கட்டையைப் பிடித்தேன். சீமைப் பட்டா ஒரு நூல் தேய்ந்திருந்தது. எங்களுடையது ஒன்றரை.

“நம்மளது கொஞ்சம் முந்திக்கிட்டுத் தேயுது” என்றேன். அவர் மனம் கோணக்கூடாதே என்று, “அர நூல்தான்” என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் கேட்டது வேறு. “ஓரத்துல எம்புட்டு?” அளந்து சொன்னேன். “அப்ப ஓரத்துல வெள்ளை ஆழமாப் போகல. ஓரத்துக்குத் தனியா ஒரு தண்டவாளத் துண்டு வைக்கணும்.” மேலே நின்ற அக்காவை நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டையும் கழட்டி ஒவ்வொரு துண்டு உடைச்சுத் தருவீகளா? சீமைக்காரன் ஓரத்துல வெள்ளைய எம்புட்டு ஆழம் கொண்டுபோயிருக்கான்னு பாக்கணும்.”

புத்தம் புதிய சீமைப் பட்டா, ஒரே பருவம் ஓடியது. இன்னும் பல வருஷம் உழைக்கும். நான் அக்கா முகத்தைப் பார்த்தேன்.

“சம்மட்டிய எடு தம்பி” என்றார் அக்கா.